சுவரோடு வைத்த பக்கம்

அவர் உயிரோடு இருந்தவரை அவருடைய இடது கன்னத்தை நான் ஒரு தடவைகூட முழுமையாகப் பார்த்ததில்லை. பஸ்ஸில் இடது வரிசையில் யன்னலோரம் இருப்பார். கிளினிக்கில் நீண்ட மர வாங்கின் கடைசி இடம், இடது தோள் சுவரில் முட்டுகிற மாதிரி. தேநீர்க் கடையில் மூலைக் கதிரை. அந்த இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே குடிப்பார். சேர்ந்து நடக்கும்போது நாங்கள் தவறி அவருடைய இடது பக்கம் வந்துவிட்டால், செருப்பைச் சரிசெய்கிறவர் போலக் குனிவார். நிமிரும்போது பக்கம் மாறியிருக்கும்.

நெடுந்தீவுக்காரர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் அண்ணை, என் மகளுக்கு மாமா. பெரியாஸ்பத்திரிக் கிளினிக் செவ்வாய்க்கிழமைகளில். அவர் காலை வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து பஸ் ஏறுவார். நாங்கள் புங்குடுதீவில் ஏறும்போது, தனக்குப் பக்கத்து இருக்கையில் துவாயும் நடைவழிக்கு அப்பால் உள்ள இருக்கையில் பையும் வைத்து எங்கள் இருவருக்கும் இடம் பிடித்திருப்பார். மகள் அவருக்குப் பக்கத்தில் இருப்பாள். நான் அப்பால் இருந்து இருவரையும் பார்த்துக்கொண்டு போவேன்.

இருவருக்கும் ஒரே நோய். இடது காதுக்கு முன்னால் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. நோயின் பேர்கூட ஒன்றுதான். மெதுவாக வளரும், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு போகும் என்று சொன்னார்கள். மகளுக்கு அப்போது உயர்தரப் பரீட்சை வருடம். அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும்.

முதலில் பழகியது ஒரு சங்கிலியால். மகளின் கன்னம் வீங்கத் தொடங்கியபோது எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கூகைக்கட்டு, பொன்னுக்குவீங்கி, என்றார்கள். கூகைக்கட்டென்றால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடவேண்டும், வீக்கம் வற்றிவிடும். என்னுடைய கனத்த சங்கிலியைப் போட்டுவிட்டேன். நான் படித்தவள், கச்சேரியில் அரசாங்க வேலை செய்கிறவள். நம்பிப் போட்டேன் என்று சொல்லமாட்டேன், நம்பாமல் போட்டேன் என்றும் சொல்லமாட்டேன். வீக்கம் வற்றவில்லை. நோவும் இல்லை. நோகாததால் நல்லதுதான் என்று நினைத்தோம். சத்திரசிகிச்சை முடிந்து கதிர்ச் சிகிச்சையும் முடிந்த பிறகும் அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. கழற்றினால் ஏதாவது நடந்துவிடும் போல் இருந்தது.

முதன்முதல் சந்தித்த அன்று, கிளினிக் வாங்கில் இருந்தபடி அவர் மகளின் கழுத்தைப் பார்த்தார்.

"கூகைக்கட்டெண்டு நினைச்சியளோ?"

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் மனிசி போட்டவ. தன்ர பதக்கஞ் சங்கிலி. மாசக்கணக்கா அதோடதான் மாடு கட்டினனான். ஊர்ச்சனம் கனடாக் காசு வந்திட்டுது எண்டு கதைச்சுது. ஒருத்தன் கடன் கேட்டு வீட்டுக்கே வந்திட்டான்."

மகள் சிரித்தாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. மற்றப் பக்கம் அப்படியே நின்றது. அதை மறைக்க அவள் கையைக்கூட உயர்த்தவில்லை.

அவள் அப்படித்தான். தழும்பு காதுக்கு முன்னால் தொடங்கித் தாடைக்குக் கீழே இறங்கும். தலைமயிரை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வெளியே போவாள். "பாக்கிறவை பாக்கட்டும். ஒருக்காப் பாத்தா முடிஞ்சுது" என்பாள். அதனால் அவருடைய ஒளிப்பு அவளுக்குப் பெரிய பகிடி.

"மாமா, ஏன் எப்பவும் உங்களுக்கே யன்னல்? நானும் வருத்தக்காரிதானே. எனக்குக் காத்து வேண்டாமே?"

"பிள்ளை, கடையில பூசணிக்காய் அடுக்கிறதைப் பாத்திருக்கிறியே?"

அவர் இளவயதில் தெற்கே ஒரு பட்டினத்தில் தகப்பனோடு கடை நடத்தியவர். கலவரத்தோடு கடை போக, ஊருக்குத் திரும்பி மாடும் பனையுமாக இருந்தவர். ஆனால் எதைப் பற்றிக் கதைத்தாலும் கடைக்குள் போய்த்தான் வெளியே வருவார்.

"எலி கடிச்ச பக்கத்தைச் சுவரோட வைக்கோணும். முன்னால வந்து நிக்கிற சனத்துக்கு நல்ல பக்கம்."

"வாங்கிக்கொண்டு போய் வீட்டில வெட்டிப் பாத்தா?"

"அப்ப கடை பூட்டியிருக்கும்."

முன் இருக்கையில் இருந்த கிழவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்த வருடத்தில்தான் நுணுக்குக்காட்டியில் கட்டிகளைப் பார்க்கிற பகுதியில் இருந்து ஓர் இளம் பெண் டொக்டர் வந்து எங்களிடமும் அண்ணையிடமும் கையெழுத்துக் கேட்டார். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். வெட்டி எடுத்த கட்டி அங்கே மெழுகுக் கட்டியில் பத்திரமாக இருக்கிறது, அதிலிருந்து இன்னொரு மெல்லிய சீவல் எடுக்கப் போகிறோம், பிள்ளைக்கு இனி ஊசிகூட இல்லை என்றார். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு கட்டி பெருக்கவேண்டுமென்றால் அதற்கு இரத்தம் வேண்டும். பக்கத்தில் இருக்கிற குழாய்களைத் தூண்டித் தனக்குள்ளே புதிது புதிதாகக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். பழைய குழாய்களில் அவ்வளவாக இல்லாத ஒரு பொருள் அந்தப் புதுக் குழாய்களின் சுவரில் இருக்கிறது. அதற்கு மட்டும் நிறம் ஏறுகிற மாதிரி மருந்து விட்டால், புதுக் குழாய்கள் மண்ணிறக் கோடுகளாகத் தெரியும். அவற்றை எண்ணுவார்களாம்.

கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாதங்கள் கழித்து அவரை நடைபாதையில் கண்டபோது வழிமறித்தேன்.

"டொக்டர், மகளின்ர பாத்தாச்சோ?"

"அம்மா, அது ஆராய்ச்சிக்குத்தான். அதை வைச்சு ஒரு ஆளுக்கு ஒண்டும் சொல்லேலாது."

"சொல்லேலாட்டிப் பரவாயில்லை. கனக்கவோ, கொஞ்சமோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

அவர் கையில் இருந்த கோப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"கொஞ்சம் கனக்கத்தான். ஆனா அம்மா, இதாலை இப்பிடித்தான் நடக்கும் எண்டு ஆரும் சொல்லேலாது. விளங்குதே?"

விளங்குது என்றேன். எனக்கு விளங்கியது 'கனக்க' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

திரும்பி வாங்குக்கு வந்தேன். மகள் மருந்து எடுக்க வரிசையில் நின்றாள். அண்ணை சுவரோடு சாய்ந்தபடி, "என்ன தங்கச்சி, முகம் வெளிறிப் போச்சு?" என்றார். சொன்னேன். கட்டிக்குள்ளே புதுக் குழாய்கள் கனக்கவாம் என்றேன். சொல்லி முடிக்கவில்லை.

"எனக்கும் கனக்கத்தான்" என்றார்.

"என்ன?"

"அதே டொக்டர்தான் எனக்கும் சொன்னவ. கனக்கவாம். நான் வெட்டி எத்தனை வரியம் ஆச்சுது? இந்தா, உமக்கு முன்னால குந்தியிருக்கிறன். மாடு கட்டிறன், கிணத்தில தண்ணி அள்ளிறன். கனக்கவாம், கனக்க! கனக்க இருந்தா என்ன, வெட்டி எறிஞ்சாச்சு."

மகளும் அன்றிரவு அதையேதான் சொன்னாள். "அம்மா, கட்டியே போயிட்டுது. அதின்ர குழாய் இனி ஆருக்கு?" ஆனால் அவள் சொன்னது என்னைத் தேற்றவில்லை. அவர் சொன்னதுதான் தேற்றியது. கட்டாரில் இருக்கிற கணவருக்குத் தொலைபேசி எடுத்து, மகளைப் போலவே கனக்கக் குழாய் இருந்த ஒருவர் இத்தனை வருடமாக நல்லாக இருக்கிறார், என் கண்ணாலே பார்க்கிறேன் என்றேன். அவர் மறுமுனையில் அழுதார். அப்படி ஓர் ஆள் இருப்பதே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

அதன் பிறகு நான் அவரைப் பார்க்கிற விதமே மாறியது. பஸ்ஸில் ஏறியதும் முதலில் அவருடைய கழுத்து எலும்பைப் பார்ப்பேன். சட்டை தொளதொளக்கிறதா, குரல் கம்முகிறதா, மூச்சு வாங்குகிறதா? அவருக்கு அது தெரிந்திருந்தது. நான் உட்காருவதற்கு முன்னமே அறிக்கை வாசிப்பது போலச் சொல்வார்.

"நிறை குறையேல்லைத் தங்கச்சி. பசி கிடக்கு. நித்திரையும் வருது. கரண்ட் மீற்றர் பாக்க வாற பெடியன் மாதிரிப் பாக்கிறீர். மீற்றர் ஓடுது, ஓடுது."

நாட்கள் அப்படி நன்றாகவே போயின. மகள் பரீட்சை எழுதினாள். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள். ஸ்கானில் ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நான் நடைவழிக்கு அப்பால் இருந்து அந்த வலது கன்னத்தைப் பார்த்தேன். மழித்து, திருநீறு பூசி, ஒரு குறையும் இல்லாத கன்னம்.

நாங்கள் வழக்கமாகப் போகிற தேநீர்க் கடையில் அவருக்கு உழுந்து வடை என்றால் உயிர். வெற்றிலை போடுவதும் வடை கடிப்பதும் வலது பக்கத்தால்தான். ஒரு செவ்வாய்க்கிழமை தட்டைத் தள்ளி வைத்தார்.

"இண்டைக்கு விரதம் பிள்ளை. நீ சாப்பிடு."

மகள் விடவில்லை. "போன முறையும் செவ்வாய்தானே மாமா? ரெண்டு வடை சாப்பிட்டனீங்கள். அப்ப விரதம் இல்லையோ?"

"அப்ப சாமிக்கு என்னில கோவம் வரேல்லை."

"இப்ப என்ன செய்தனீங்கள்?"

"அதைச் சாமிதான் சொல்லோணும்."

அவள் சிரித்துக்கொண்டு அவருடைய வடையையும் சாப்பிட்டாள். அதற்கடுத்த முறையும் விரதம். தேநீரைக்கூட ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, துவாயால் வாயை ஒற்றி ஒற்றிக் குடித்தார். கடவுள் பக்தி கூடிவிட்டது என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொன்று. நெடுந்தீவுக்குத் திரும்புகிறவர்கள் பின்னேர வள்ளத்தைப் பிடிக்க வேண்டும். அதனால் கிளினிக்கில் தாதிமார் அவரை முன்னதாகவே கூப்பிடுவார்கள். கடைசிக் காலத்தில் அவர் எங்களை முன்னுக்கு அனுப்பத் தொடங்கினார். "வள்ளத்துக்கு நேரம் கிடக்கு. நீங்கள் போயிட்டு வாங்கோ, பிள்ளைக்குப் படிப்பிருக்கு." நாங்கள் காட்டி முடித்து வெளியே வரும்போது அவர் அந்தச் சுவரோரத்திலேயே இருப்பார், கை காட்டுவார். அவர் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார், டொக்டர் என்ன சொன்னார், அன்று எந்த வள்ளத்தில் போனார், போனாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு செவ்வாய் அவர் வரவில்லை. கடல் கொந்தளிப்பு என்று பஸ்ஸில் கதைத்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. அதற்கடுத்த கிளினிக்குக்கும் வரவில்லை. அன்று கடல் குளம் போலக் கிடந்தது. வேறு நாளுக்குக் கிளினிக் துண்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று மகளிடம் நானாகவே சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். மகளுக்கு வகுப்பு, தனியாகத்தான் போனேன். குறிகட்டுவானில் வள்ளத்துக்கு வரிசையில் நின்றபோது, பயணிகள் ஒதுங்குகிற கொட்டகைச் சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. படத்தில் அவர். நேராகப் பார்க்காமல், தலையை இடப் பக்கம் திருப்பி, வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டு.

பின்னால் நின்ற பெண், "அக்கா, வள்ளம் வெளிக்கிடப் போகுது, ஏறுறியளோ?" என்றாள். இல்லை என்றேன். அர்ச்சனைக்குக் கொண்டுவந்த தேங்காயோடும் பூவோடும் நெடுந்தீவு வரிசைக்கு மாறினேன்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அவரை விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். யன்னல் இல்லை, சுவர் இல்லை. நான்கு பக்கமும் சனம். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. நான் வலது பக்கமாகப் போய் நின்றேன், பழக்கத்தில். பின்னால் வந்தவர்கள் நெருக்க, நெருக்க, மற்றப் பக்கம் வந்துவிட்டேன். அவர் குனியவில்லை. செருப்பைச் சரிசெய்யவில்லை.

காதுக்குக் கீழே இருந்து கழுத்து வரைக்கும் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தார்கள். துணிக்கு மேலேயும் வீக்கம் தெரிந்தது. கண் சரியாக மூடவில்லை. வாயின் அந்தப் பக்கம் கீழே இறங்கி, வேறு யாரோ ஒருவருடைய வாய் போல இருந்தது. எவ்வளவு காலமாக இது இப்படி இருந்திருக்கும்? என் மகள் பக்கத்தில் இருந்து பகிடி விட்ட எத்தனை பயணங்களில் இது யன்னல் பக்கம் இருந்திருக்கும்? கடை பூட்டியிருந்தது. கேட்க ஆளில்லை.

அவருடைய மனைவி என்னை யாரென்று விசாரித்தார். சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களோ அந்தப் புங்குடுதீவுத் தங்கச்சி? பிள்ளை எப்பிடி? அவர் நெடுகப் பிள்ளையின்ர கதைதான். வடையைப் பறிச்சுச் சாப்பிடுவாள் எண்டு சொல்லிச் சிரிப்பார்."

"நல்லா இருக்கிறாள், அக்கா."

"இவரும் நல்லாத்தானே இருந்தவர். அந்த டொக்டர் பிள்ளை இவருக்குக் கொஞ்சந்தான் எண்டு சொன்னவ."

"என்ன கொஞ்சம்?"

"கட்டிக்குள்ள ஏதோ ரத்தக் குழாய் பாத்தவையாம். இவருக்குக் கொஞ்சந்தானாம். அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது எண்டுதான் அவவும் சொன்னவ. ஆனா இவருக்கு வலு சந்தோசம். அண்டைக்குக் குறிகட்டுவானில வள்ளத்துக்கு நிண்ட எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தவராம். கொஞ்சமெண்டா நல்லந்தானே எண்டு நாங்களும் நினைச்சம்." அவர் என் கையை விட்டுவிட்டு விளக்கின் திரியைத் தூண்டினார். "கொஞ்சமெண்டுதானே சொன்னவ?" என்று மறுபடியும் என்னையே கேட்டார்.

ஓம் அக்கா என்றேன்.

திரும்பி வரும் வள்ளத்தில் அர்ச்சனைத் தட்டு மடியில் இருந்தது. ஒன்றையே திருப்பித் திருப்பி யோசித்தேன். அன்று வாங்கில் நான் 'கனக்க' என்றபோது அவர் ஒரு மூச்சு நேரம்கூட எடுக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்ட நிறத்தில் சேலை இருக்கிறதென்று சொல்கிற கடைக்காரர் போல உடனே எடுத்துப் போட்டார், எனக்கும் கனக்கத்தான் என்று. தன்னிடம் இருந்த ஒரே நல்ல செய்தியை அந்த நிமிடத்தில் எனக்காக மறைத்தார். அதற்குப் பிறகு, தான் நல்லாக இருப்பதை எனக்குக் காட்டவேண்டிய வேலையும் அவர் தலையில் விழுந்தது. மீற்றர் ஓடவேண்டியிருந்தது. ஓட்டிக் காட்டினார்.

அதற்காக அவரை நினைத்து அழ முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வந்தது பயம்தான். கனக்க இருந்தும் பிழைத்த ஒருவர் என்று நான் பிடித்துக்கொண்டிருந்த ஆள் இருக்கவேயில்லை. கொஞ்சமாக இருந்தவர் போய்விட்டார். அப்படியென்றால் கனக்க இருக்கிறவளுக்கு? சிலசமயம் அதை மறுபக்கமாகவும் திருப்பிப் பார்க்கிறேன்: கொஞ்சம் இருந்தது அவரைக் காப்பாற்றவில்லையென்றால், கனக்க இருப்பதும் இவளைக் கொல்லாமல் விடலாம்தானே? அந்த டொக்டர் முதல் நாளே சொன்னது அதைத்தான், இதை வைத்து ஒன்றும் சொல்லேலாது என்று. அது ஆறுதல் போலத்தான் கேட்கிறது. ஆனால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கெட்ட செய்தியையாவது பிடித்துக்கொண்டிருக்கலாம் போல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மகளிடம் மாமா போய்விட்டார் என்றேன். குழாய்க் கதையைச் சொல்லவில்லை. அவள் படித்துக்கொண்டிருந்த மேசையில் இருந்து எழும்பவில்லை.

"முகத்தைப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"ரெண்டு பக்கமும்?"

"ஓம்."

அவள் எழும்பினாள். குசினிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக். வழமையான பஸ், வழமையான நேரம். இடது வரிசையில் அந்த இருக்கை காலியாக இருந்தது. துவாய் இல்லை, பை இல்லை. எப்போதும் நடைவழிப் பக்கம் இருக்கிற மகள், எனக்கு முன்னால் ஏறிப் போய் அந்த யன்னலோரத்தில் இருந்தாள். தலைமயிரைக் கட்டவில்லை. முழுகியது காயட்டும் என்றாள். இடது பக்கமாக எடுத்து முன்னால் விட்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். வேலணை தாண்டி, மண்கும்பான் தாண்டி, பஸ் கடலோரத்துக்கு வரும்வரைக்கும் அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கன்னம் எனக்குப் பக்கத்தில் இருந்தது. அழகான கன்னம். ஒரு குறையும் இல்லை.

காலையில் சுட்ட வடை நான்கைந்து பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். பிரித்து அவளுக்கு நீட்டினேன்.

"வேண்டாம் அம்மா. இண்டைக்குச் செவ்வாய் எல்லோ. நான் விரதம்."

வலது பக்கத்தால் சிரித்தாள். நான் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.